பூமியை அளப்பவர்கள் யாருக்காக அளக்கிறார்கள்?

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு ஐப்பசியும் கார்த்திகையும் பட்டினி மாதங்கள். குழித்தறியில் கால் தொங்கவிடும் பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிடும். மழை விட்டாலும் பள்ளம் உடனே காயாது. பாவு ஈரம் குடித்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. பங்குனி, சித்திரை வந்தால் அதே தெருவின் குழாயடியில் குடங்கள் வரிசை பிடித்து நிற்கும். வீட்டுக்குள் புகுந்து தொழிலைக் கெடுத்த தண்ணீர், ஆறு மாதம் கழித்துக் குடிக்கக்கூட இல்லை! நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயத் தொழிலாளியின் கதியும் இதுவே. நட்ட பயிர் வெள்ளத்தில் அழுகினால் களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இல்லை. கிணறு வற்றி, சொர்ணவாரிப் பட்டத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டால் நடவுக் கூலி இல்லை.

இதெல்லாம் தலைவிதி என்று சொல்ல ஆள் உண்டு. கோயில் நகரமல்லவா, அப்படிச் சொல்வோருக்குப் பஞ்சமா? நாம் அதை ஏற்கவில்லை. பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, எந்தப் பாறை சரியும், எந்த ஏரி எப்போது வழியும் என்று அளந்து சொல்வதற்கென்றே சர்க்காரில் பல இலாகாக்கள் இருக்கின்றன. தீப்பெட்டிக்கும் தேயிலைக்கும் நாம் கொடுக்கும் வரியிலிருந்துதான் அவற்றுக்குச் சம்பளம். அவர்கள் அளப்பது உண்மை. அளந்ததைக் கேட்டு நடப்பது யார், அது யார் காதுக்கு வந்து சேருவதே இல்லை என்பதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

கும்பெனிக்கு நிலக்கரி தேடிய இலாகா

இந்திய பூகர்ப்ப சர்வே இலாகா 1851-ம் ஆண்டில் கல்கத்தாவில் துவங்கியது. தாமஸ் ஓல்டாம் என்ற அயர்லாந்துக்காரர் அதன் தலைவர். கிழக்கிந்தியக் கும்பெனி அவரை எதற்காக வரவழைத்தது? ஏர் பிடிப்பவன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவா? நீராவிக் கப்பலுக்கும், போடப்போகிற ரயிலுக்கும் நிலக்கரி வேண்டும். அதைத் தேடத்தான்.

ஆனால் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் தன் கையால் செதுக்கிய ஆயுதம் அது. இந்த நாட்டில் மனிதன் எத்தனை நீண்ட காலமாக உழைத்து உயிர் வாழ்ந்தான் என்பதற்கு விஞ்ஞானம் எடுத்துக் காட்டிய முதல் சாட்சிகளில் ஒன்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1873-ல், பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வடஆற்காடு ஜில்லாப் பகுதிகளின் பூமி அமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஏட்டை இலாகா வெளியிட்டது. நடந்தும் குதிரையேறியும் அளந்து எழுதிய ஏடு. அதே இலாகாவைச் சேர்ந்த ஹாலண்ட் என்பவர் பல்லாவரத்துக் கறுநீலப் பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பெயர்? கல்கத்தாவில் கும்பெனி ஏஜெண்டு ஜாப் சார்னாக்கின் சமாதி அந்தப் பாறையால் கட்டப்பட்டிருந்தது. கல் நம் ஊருடையது, வெட்டிய கை நம் கல்தச்சனுடையது, பெயர் மட்டும் கும்பெனிக்காரனுடையது!

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விஞ்ஞானம் வேறு திசையிலும் நடந்தது. தென்னாற்காட்டில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்பு மண்ணைச் சர்க்கார் நிபுணர்கள் துளை போட்டு ஆராய்ந்தார்கள். அது பழுப்பு நிலக்கரி என்று நிச்சயமாயிற்று. 1956-ல் பொதுத்துறையில் நெய்வேலி நிறுவனம் உருவாயிற்று. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். தனியார் முதலாளி எவன் அந்தச் செலவைச் செய்ய முன்வந்திருப்பான்? நெய்வேலிக்கு நிலம் கொடுத்த குடியானவர்களின் குறை தனிக் கதை. அதை மறந்து நாம் பேசவில்லை. தண்ணீருக்கும் இப்படி ஏற்பாடு நடந்தது. 1954-ல் ஆராய்ச்சிக் குழாய்க்கிணறு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1970-ல் அது மத்திய நிலத்தடி நீர் வாரியமாயிற்று. 1972-ல் பூகர்ப்ப சர்வேயின் நிலத்தடி நீர்ப் பிரிவும் அதனுடன் சேர்ந்தது.

ஆகவே, 'இவையெல்லாம் முதலாளிகளின் இலாகாக்கள், நமக்கென்ன' என்று சில தோழர்கள் கையை உதறுவது சரியல்ல. கிணற்றில் நாடா இறக்கி அளக்கும் சர்வேயர் நமது எதிரியல்ல. அவர் எழுதும் எண் எந்த மேஜைக்குப் போகிறது என்பதில்தான் சண்டையே இருக்கிறது.

மணல் ஒரு பாத்திரம்

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, ஆந்திரத்தில் சிறிது தூரம் ஓடி, நம் மாகாணத்தில் 222 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் விழுகிறது. வருஷத்தில் சில நாட்கள்தான் அதில் வெள்ளம் ஓடும். 'பாலாறா, மணலாறா' என்று நம் கிராமங்களில் கேலி பேசுவதுண்டு. கேலி பேசியவர்கள்தான் அதன் ரகசியத்தையும் அறிந்திருந்தார்கள். கோடையில் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்தவர்கள் அவர்கள். காஞ்சிபுரம் நகருக்குக் குடிதண்ணீர் இன்றும் ஓரிக்கை, திருப்பாற்கடல் பக்கத்து ஆற்றுப் படுகையிலிருந்து வருகிறது.

விஞ்ஞானம் இதை எப்படி விளக்குகிறது? மணல் பருத்த பருக்கைகளாலானது. பருக்கைக்கும் பருக்கைக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் தங்குகிறது, இறைத்தால் வருகிறது. களிமண்ணிலும் தண்ணீர் உண்டு, ஆனால் கஞ்சனைப் போல் பிடித்துக்கொள்ளும், விடாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிப்பாறைகள் பெரும்பாலும் இந்த ஜாதி. கருங்கல்லிலும் சார்னோகைட்டிலும் வெடிப்பு உள்ள இடத்தில் மட்டுமே தண்ணீர் கிடைக்கும். நம் வட்டாரத்தில் அள்ள அள்ளக் கொடுக்கும் பாத்திரம் என்று இருந்தது ஆற்று மணல் ஒன்றுதான்.

இப்பொழுது நாம் ஒரு கணக்குப் போடுவோம். லாரிக்காரர்கள் பேச்சில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இரண்டு யூனிட் லாரி ஒரு நடை போனால் 200 கன அடி மணல் போகிறது. நல்ல ஆற்று மணல், தன் கொள்ளளவில் நூற்றுக்கு இருபது பங்கு தண்ணீரைக் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 40 கன அடி. லிட்டர் கணக்கில் 1,130. பதினைந்து லிட்டர் குடமென்றால் 75 குடம். ஒரு நடைக்கு 75 குடம் தண்ணீர் தங்கும் இடம் லாரியேறிப் போகிறது! தண்ணீர் போனால் அடுத்த மழையில் திரும்பி வரும். பாத்திரம் போனால்? மணலை ஆறு கொண்டுவந்து சேர்க்க எத்தனை தலைமுறை வேண்டும்?

2003-ம் ஆண்டு அக்டோபரில் மாகாண சர்க்கார் மணல் குவாரிகளைத் தனியாரிடமிருந்து எடுத்துத் தானே நடத்துவதாக அறிவித்து விதியைத் திருத்தியது. நல்ல காரியம் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் மணலை வாரி லாரியில் ஏற்றும் வேலை காண்டிராக்டர்களிடமே விடப்பட்டது. முன்வாசலில் சர்க்கார் பலகை, பின்வாசலில் பழைய ஆட்கள். பாலாற்றுப் படுகை பல இடங்களில் பள்ளமாகித் தரை தெரிந்தது. சீமைக் கருவேல் முளைத்தது. கரையோரத்துக் கிணறுகளின் தண்ணீர் கீழே இறங்கிற்று. அதற்கு மேல் பணக்காரன் ஆழ்துளை போட்டு மோட்டாரை இறக்கினான். அரை ஏக்கர்க்காரன் நவரையைக் கைவிட்டான். அவன் நிலத்தில் நடவு நட்டுப் பிழைத்த பெண்கள் அதிகாலையில் கம்பெனி வேனில் ஏறி எங்கோ கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள்.

மந்திரிகளைக் கேட்டால் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கை காட்டுவார்கள். மேலே தடுப்பணைகள் கட்டப்பட்டது உண்மை. 1892-ல் சென்னை சர்க்காருக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் சேர்ந்திருக்கிறது, அதைக் கேட்க நமக்கு உரிமையும் உண்டு. ஆனால் காஞ்சிபுரத்துக்குக் கீழே மணலை அள்ளியவன் குப்பத்துக்காரனா? 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. 1903-ல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படிக் கண்டதில்லை என்று பேசினார்கள். அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று? கடலுக்கு. பாத்திரத்தை விற்றவன் மழையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

மேலாற்றில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஓர் அத்தியாயம். 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: அசுத்தம் செய்தவனே கிரயம் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் அதே கோர்ட் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல். அந்த 28 வருஷமும் தண்ணீர் மாதிரிகளைப் பாட்டிலில் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கல்வெட்டும் ஏரி வாரியமும்

இந்த ஜில்லாவுக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடையில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், குடவோலை போட்டு ஏரி வாரியம் என்று தனிக் குழுவே தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்ப்பதற்கென்று ஊரில் ஒரு குழு இருந்தது பாராட்டத்தக்கது. ஆனால் மேடையில் பேசுவோர் ஒரு விஷயத்தை விழுங்கிவிடுகிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப்படிப்பும் உள்ளவனுக்குத்தான் அந்தக் குடத்தில் பெயர். ஏரியில் இறங்கி வண்டல் அள்ளிக் கரை போட்டவனுக்கு ஓலை கிடையாது. இன்று அவனுக்கு வோட்டு உண்டு. ஆனால் ஏரியின் மதகைத் திறக்கும்போது அவனை யார் கேட்கிறார்கள்?

2003-ல் மாகாணச் சட்டசபை நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது அமுலுக்கே வராமல் பத்து வருஷம் கிடந்து, 2013-ல் ரத்தாகிவிட்டது. பிறந்ததும் தெரியாது, செத்ததும் தெரியாது. நமது மாகாணத்தில் 2022-ல் 1,166 பிர்காக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊறும் தண்ணீர் எவ்வளவு, உறிஞ்சும் தண்ணீர் எவ்வளவு என்று மத்திய வாரியமும் மாகாண நீர்வள இலாகாவும் கணக்கெடுத்தன. 100 பங்கு ஊறினால் 70 பங்குக்குள் எடுப்பது பத்திரம். அதற்கு மேல் 90 வரை பாதி ஆபத்து, பிறகு நூறு வரை ஆபத்து. நூறையும் தாண்டினால் முதலைத் தின்பது. இந்தக் கணக்கு அச்சாகிறது, இணையத்திலும் இருக்கிறது. உங்கள் பிர்கா இதில் எந்த வகுப்பு? நாம் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். தெரிந்தவர் கை தூக்கியதாக நினைவில்லை. ஆனால் போர்வெல் ரிக் வைத்திருப்பவனுக்குத் தெரியும். ரியல் எஸ்டேட்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அந்த வருஷம்தான் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 40 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் அத்திவரதர் வெளியே வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை லட்சோப லட்சம் ஜனங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்து போனார்கள். பக்தியைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. வந்த கூட்டத்துக்குக் குடிதண்ணீர் ஏற்பாடு செய்ய முடிந்த சர்க்காருக்கு, நெசவாளர் தெருவுக்கு ஏற்பாடு செய்ய மட்டும் நாற்பது வருஷம் போதவில்லையா?

வருமானம் தேடுபவனே காவல்காரன்

மணல் தட்டுப்பாடானதும் 'எம்-சாண்ட்' வந்தது. பாறையை உடைத்து மணலாக்குவது. ஆற்றைக் காப்பாற்றும் என்றார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் சுமை ஆற்றிலிருந்து மலைக்கு மாறிற்று, அவ்வளவே. உத்திரமேரூர் வட்டாரத்தில் குன்றுகள் குழிகளாயின. கிரஷர் தூசி நெல்லின் மேல் படிகிறது, உடைப்பவன் நெஞ்சிலும் படிகிறது. 2021 பிப்ரவரியில் மதூர் கல்குவாரி சரிந்து தொழிலாளர் மாண்டனர். 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் ராட்சதப் பாறை சரிந்து நால்வர். 2025 மே மாதம் சிவகங்கை ஜில்லா மல்லாக்கோட்டையில் ஆறு பேர்.

பாறையைச் செங்குத்தாக வெட்டக் கூடாது, படிப்படியாக வெட்ட வேண்டும் என்பது 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தையொட்டி 1961-ல் வந்த விதிகளிலேயே இருக்கிறது. எந்தப் பாறையில் வெடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, 'இங்கே நிற்காதே' என்று சொல்லப் படித்தவர்கள் புவியியல் மற்றும் சுரங்கத்துறையில் இருக்கிறார்கள். பின் ஏன் சாவு? அந்த இலாகாவின் வேலையைப் பாருங்கள். குத்தகைக்கு விடுவது அது. கனிமத்துக்குச் சீனியரேஜ் வசூலிப்பது அது. விதி மீறினால் தடுக்க வேண்டியதும் அதுவே. வருஷக் கடைசியில் சட்டசபையில் இந்த இலாகாவின் சாதனையாக எதை வாசிக்கிறார்கள்? எத்தனை கோடி வருமானம் என்பதை. எத்தனை குவாரியை ஆபத்தென்று மூடினோம் என்று எந்த மந்திரியாவது மார்தட்டி வாசித்ததுண்டா? இன்ஸ்பெக்டரைத் திட்டிப் பயனில்லை. உண்டியல் சாவியையும் காவல் கம்பையும் ஒரே கையில் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சேதி இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பூமி நடுங்கிற்று. பூகம்பமானிகள் அதைப் பதிந்தன. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் அப்போது காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்த கல்பாக்கம், மாமல்லபுரம் கரை மீனவனுக்கு யாரும் சேதி சொல்லவில்லை. பிறகுதான், 2007-ல், ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. அது நல்ல நிலையம், நாம் பாராட்டுகிறோம். ஆனால் அத்தனை உயிர்களைக் கிரயமாகக் கொடுத்த பிறகு வந்தது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகள் இரவோடிரவாகப் போயின. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட மத்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கை, ஏரியை நிர்வகித்த விதத்தையே குற்றம் சாட்டியது. பெருமழை வரும் என்று வானிலை இலாகா சொல்லாமல் இல்லை. அந்தச் சொல்லுக்கும் மதகின் திருகுக்கும் நடுவில் எத்தனை பைல்கள், எத்தனை கையெழுத்துகள்!

2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் நம் தென் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளியுலகுக்குச் சேதி மறுநாள் காலைதான் தெரிந்தது. சரிவின் அடியில் லயத்தைக் கட்டியவர்கள் எந்தப் பூகர்ப்ப நிபுணரைக் கேட்டுக் கட்டினார்கள்? துரை பங்களாக்கள் மட்டும் எப்படி மேட்டில், நல்ல இடமாகப் பார்த்து அமைந்தன?

நம் தேசத்தில் மட்டுமா என்றால், இல்லை. இத்தாலியில் வயோந்த் என்ற இடத்தில் ஒரு மின்சாரக் கம்பெனி பெரிய அணை கட்டிற்று. மேலே நின்ற டோக் மலை பழைய சரிவு என்று பூகர்ப்ப நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். அணையைக் கட்டிய எஞ்சினீயரின் மகனே அப்படிக் கண்டவர்களில் ஒருவர். மலையடிவாரத்துக் குடியானவர்களின் பயத்தை இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் 'லூனிதா' பத்திரிகையில் தீனா மெர்லின் என்ற பெண் நிருபர் எழுதினார். பொய் வதந்தி பரப்பிப் பொது அமைதியைக் கெடுப்பதாக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1960-ல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. 1963 அக்டோபர் 9 இரவு மலை அணைக்குள் சரிந்தது. அணை நின்றது, அதன்மேல் எழும்பிய தண்ணீர் லோங்கரோனே ஊரைத் துடைத்துப் போயிற்று. சுமார் 2,000 பேர் செத்தார்கள். விஞ்ஞானி கண்டதும் சரி, குடியானவன் பயந்ததும் சரி, பத்திரிகை எழுதியதும் சரி. இந்த மூன்றையும் மீறிக் கம்பெனி நடந்துகொள்ள முடிந்தது.

நம் நிலத்தின் ரகசியம் யார் கையில்?

மதுரை அரிட்டாபட்டி விஷயத்தை நினைத்துப் பாருங்கள். பூகர்ப்ப சர்வே அங்கே டங்ஸ்டன் உண்டென்று ஆராய்ந்து சொன்னது. மத்திய சர்க்கார் அதை ஏலம் போட்டது. 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலம் கிடைத்ததென்று அறிவித்தபோதுதான் தங்கள் காலடியில் இருப்பது 2,000 ஹெக்டேர் சுரங்கப் பிளாக் என்று மேலூர்ப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிராமம் கிராமமாகத் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. இதில் ஆராய்ச்சி செய்ததைக் குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம். டங்ஸ்டன் இருக்கிறதா என்று தேசம் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் கம்பெனிக்கு வரைபடமும் கிராமத்துக்கு ஏல முடிவும் என்றால் அது எந்த நியாயம்?

2021-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, தேடும் வேலையையே தனியார் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் அறிக்கையின் கதை அதைவிட விசேஷம். 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி, திட்டம் போடுகிற முதலாளியே கூலி கொடுத்து அறிக்கை எழுதும் ஆலோசகரை அமர்த்திக்கொள்ளலாம். மாமியாருக்குச் சமையல் சாட்சி மருமகளே என்றால்கூட இவ்வளவு சௌகரியமாக இராது!

நம் ஜில்லாவிலேயே பரந்தூர். 2022 ஆகஸ்டில் விமான நிலையத்துக்கென 13 கிராமங்களில் பல ஆயிரம் ஏக்கர் எடுப்பதாக அறிவித்தார்கள். அதில் ஏரிகள், குட்டைகள், வாய்க்கால்கள் எவ்வளவு! பாலாற்றுத் தண்ணீரைப் பல ஏரிகளுக்கு எடுத்துச் செல்லும் கம்பன் கால்வாய் அந்த வழியே போகிறது. ஏகனாபுரம் ஜனங்கள் மாலைதோறும் கூடிப் போராடினார்கள், கிராம சபையில் தீர்மானத்தின் மேல் தீர்மானம் போட்டார்கள். கால்வாய் அடைபட்டால் வெள்ளம் எங்கே திரும்பும், ஏரிகள் தூர்ந்தால் கீழ்க் கிணறுகள் என்னாகும் என்று அவர்கள் கேட்டது முழுக்க முழுக்கப் பூகர்ப்ப சாஸ்திரக் கேள்வி. சர்க்காரும் நீர்நிலைகளை ஆராய ஒரு நிபுணர் குழு அமைத்தது. அப்படியானால் அந்த அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, ஏகனாபுரத்துச் சாவடியில் உட்கார்ந்து படித்துக் காட்டி, பிறகல்லவா அடுத்த அடி வைக்க வேண்டும்? 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கையளவில் சம்மதம் கொடுத்தது. பட்டா உள்ளவனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். பட்டாவே இல்லாமல் அந்த நிலத்தில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவளுக்கு எந்த விஞ்ஞானி கணக்குப் போட்டான்?

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. மத்திய வாரியம் வருஷத்தில் நான்கு முறை, மாகாண இலாகா மாதந்தோறும், தெரிந்தெடுத்த கிணறுகளில் நீர்மட்டம் அளக்கின்றன. அந்த எண்ணைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ரேஷன் கடையிலும் தமிழில் எழுதிப் போடட்டும். குவாரியில் பாதுகாப்புப் பார்க்கும் அதிகாரியை வருமானம் வசூலிக்கும் இலாகாவிலிருந்து பிரிக்கட்டும். அவர் குவாரிக்கு வரும்போது தொழிலாளர் பிரதிநிதி உடன் நிற்கட்டும். மதகு திறக்கும் விதியைக் கரையோர ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். குழித்தறியில் தண்ணீர் ஊறும் நாட்களை வெள்ள நிவாரணக் கணக்கில் சேர்க்கட்டும். வீடு இடிந்தால்தான் நஷ்டம் என்ற சட்டத்தை நெசவாளி ஒப்ப முடியாது.

இவையெல்லாம் நடக்கும் வரை நாம் கை கட்டிக் காத்திருக்க வேண்டுமா? ஒவ்வொரு கிராமத்துக் கிளையும் பொதுக் கிணறு ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். கயிற்றில் கல் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கிணற்று வாய்க்கல்லிலிருந்து தண்ணீர் எத்தனை முடிச்சு ஆழத்தில் இருக்கிறது என்று ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் அளந்து எழுதுங்கள். வாரியமும் அந்த மாதங்களில்தான் அளக்கிறது. காலையில் மோட்டார் போடுமுன் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிசகும். கிணறு உள்ள கிராமம், பிர்கா, தேதி, முடிச்சு எண்ணிக்கை நான்கையும் இந்தப் பத்திரிகைக்கு எழுதியனுப்புங்கள். வருவதை வரிசையாக அச்சிடுவோம், சர்க்கார் எண்ணையும் பக்கத்தில் போடுவோம். முதல் அளவு மே மாதம் முதல் வாரத்தில்.